அறுபது ஊசி

— ஏறிராதீங்க டீச்சரம்மா. பெட்டி வண்டியிலயே இருக்கட்டும், நீங்க மட்டும் செத்த நேரம் உள்ள வாங்க. தென்காசியில இருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கேன், பாத்துக்கிடுங்க.

— உள்ள உக்கார என்ன இருக்கு அண்ணாச்சி? பெஞ்சையும் வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயாச்சு. சீசன் முடிஞ்ச பொறவு குத்தாலத்துல வீடுன்னா நாலு சுவரும் நாப்பது குரங்கும்தான். நின்னுக்கிட்டே சொல்லுங்க. கம்பவுண்டர் சிவனணைந்தபெருமாள் ஊசிப் பெட்டி இல்லாம வந்து இன்னைக்குத்தான் பாக்கேன்.

— நேத்து சாயங்காலம் உங்க கொழுந்தனாரு டிஸ்பென்சரிக்கு வந்தாரு. மதினி நாளைக்கு ஊருக்கு வருதாங்களாம், பிள்ளைய அவங்க பக்கத்துல படுக்கப் போடலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டாரு. டாக்டரு தாராளமாப் போடுங்கன்னுட்டாரு. நான் மருந்து கலக்கிட்டு நின்னேன். எல்லாம் காதுல விழுந்துச்சு.

— டாக்டரே சொல்லிட்டாருல்ல. பொறவு என்ன?

— போகாதீங்கன்னு சொல்ல வந்தேன்.

— அண்ணாச்சி, திங்கக்கிழமை எனக்கு லீவு முடியுது. வாசுதேவநல்லூர் பள்ளிக்கூடத்துல நாலாம் வகுப்பு நாலு மாசமா வாத்தியார் இல்லாமக் கிடக்கு. அதுவும் போக, எம் பிள்ளை வள்ளித்தாய்க்கு ஆவணியில நாலு வயசு முடிஞ்சுட்டு. அவளத் தொட்டு நாலு மாசம் ஆகுது. எதுக்குப் போகக்கூடாதுன்னு காரணத்தச் சொல்லுங்க.

— இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்களேன்.

— அது காரணம் இல்ல. அது கெஞ்சுதது.

— டீச்சரம்மா, குதிரை நிக்க மாட்டேங்குது. நாலு மணி பஸ்ஸ விட்டா அங்கன போக அடுத்தது ஆறரைக்குத்தான் உண்டு.

— இன்னா வந்துருதேன் சுடலையாண்டி. வண்டிய மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போயி குதிரைக்குப் புல்லு காட்டுங்க. சொல்லுங்க அண்ணாச்சி.

— இந்த நோவு கள்ளத்தனமானது டீச்சரம்மா. ஜுரம் நின்னுட்டா நோவு நின்னுட்டுன்னு அர்த்தம் இல்ல.

— எனக்கு என்ன வந்துச்சு, என்ன வைத்தியம் பாத்தோம், எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுதேன். தப்பு இருந்தா நிறுத்துங்க. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்த மூணாம் நாளு போர்டுல எழுதக் கையத் தூக்கினேன், வலது வெலாவுல கத்தியச் செருகினாப்ல இருந்துச்சு. மூச்சு இழுத்தாக் குத்துச்சு, இருமினாக் குத்துச்சு. வாயுப் பிடிப்புன்னு ஒரு வாரம் ஒத்தடம் குடுத்தேன். வலி நின்னுச்சு. ஆனா மூச்சு வாங்குச்சு.

— வலி நின்னதுக்குக் காரணமே உள்ள தண்ணி சேந்ததுதான். நுரையீரலச் சுத்தி இருக்க உறை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசுத வரைக்கும் வலிக்கும். நடுவுல தண்ணி வந்துட்டா உரசாது. சனங்க சொகமாயிட்டுன்னு நெனச்சுருவாங்க.

— நானும் நெனச்சேன். பொறவு உங்க டாக்டரு முதுகுல தட்டிப் பாத்து, ப்ளூரிசி, டி.பி.யால நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னாரு. முதுகுல ஊசியக் குத்தி ரெண்டு தடவ நீர் எறக்கினாரு. வைக்கோல் நனஞ்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்க. சரியா?

— சரிதான்.

— அடுத்தது, என்ன வழி உண்டுன்னு கேட்டேன். சானடோரியத்துக்குப் போகலாம், அங்கன படுக்கை கிடைக்க ஆறு மாசம் ஆகும்னாரு. சும்மாப் படுத்துக்கிடந்தாலும் தண்ணி வத்திரும், ஆனா ரெண்டு வருசத்துக்குள்ள நோவு நுரையீரலுக்குள்ள போயி உக்காந்துரும், நூறு பேருல முப்பது நாப்பது பேருக்கு அப்பிடித்தான்னாரு. இல்லைன்னா ஸ்ட்ரெப்டோமைசின் தெனமும் ஒண்ணுன்னு அறுபது ஊசி, கூட அந்த பாஸ் மாத்திரை, ஆறு மாசம் ஓய்வு. மூணாவதுதான் வேணும்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரரு தளவாய் அப்பம் லீவுல வந்திருந்தாரு. பட்டாளத்துல இருந்து வந்த மனுசன் லீவு முழுக்க மதுரையில மருந்துக்கடை மருந்துக்கடையா அலைஞ்சு அறுபது குப்பியும் வாங்கி உங்க டிஸ்பென்சரியில குடுத்துட்டு ரயிலேறினாரு. பிள்ளைய கொழுந்தன் வீட்டுல விட்டுட்டு நான் இங்கன வந்தேன். தெனமும் காலையில ஏழு மணிக்கு நீங்க வந்தீங்க. மழையிலயும் வந்தீங்க. ஜுரம் நாலாவது வாரம் நின்னுச்சு. அறுபது ஊசியும் முடிஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம், தண்ணி சுத்தமா வத்திட்டுன்னாரு. இதுல எங்க தப்பு?

— ஆறு மாசம் ஓய்வுன்னாரு. உங்களுக்கு நாலுதான் ஆகுது.

— நாலரை.

— பாஸ் மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டீங்களா?

— பாதி நாளு வாந்தி எடுத்தேன். அது உங்களுக்கும் தெரியும். குதிரைக்குக் குடுக்குத மாதிரி ஒரு வேளைக்கு அஞ்சாறு மாத்திரை. நீங்கதான சொன்னீங்க, ஊசி உள்ள போகுதுல்ல, மாத்திரை அப்பிடி இப்பிடி ஆனாலும் பாதகம் இல்லைன்னு.

— சொன்னேன்.

— என்ன அண்ணாச்சி, மொகமெல்லாம் வேத்து ஊத்துது? மலைக்காத்து இந்த வீசு வீசுது.

— ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கா?

— பானையத்தான் ஒடச்சுட்டேன். கூஜாவுல இருக்கு, அதுல நான் வாய் வச்சிருக்கேன். உங்களுக்கு வேண்டாம்.

— பானைய எதுக்கு ஒடச்சீங்க? இங்கன முற்றத்துல சாம்பலாக் கிடக்கே, அது என்னது?

— பாயும் தலைகாணியும். பழசு. தூக்கிட்டுப் போக மாட்டாம கொளுத்திட்டேன்.

— இருமல் உண்டா?

— கொஞ்சம். மழைக்கு எல்லாருக்கும் உண்டு.

— சாயங்காலம் மேலு கதகதன்னு வருதா? ராத்திரி வேக்குதா?

— அண்ணாச்சி, கேள்விய நான் கேட்டேன், பதில நீங்க சொல்லணும். எக்ஸ்ரே சுத்தம், டாக்டரு கையெழுத்துப் போட்டு சர்ட்டிபிகேட் குடுத்துட்டாரு, ஊசி முடிஞ்சுட்டு. டாக்டருக்கு இல்லாத பயம் உங்களுக்கு எதுக்கு?

— டாக்டரு அந்த அறுபது ஊசிய நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்காரு டீச்சரம்மா. அறுபதும் போட்டாச்சுன்னு நோட்டுல எழுதினது நானு.

— போட்டீங்கள்ல? எனக்கு ரெண்டு பக்கமும் இடுப்பு வீங்கி உக்கார முடியாமக் கிடந்தேன்.

— குத்தினேன்.

— பின்ன?

— குத்தினது மருந்து இல்ல.

— என்ன சொல்லுதீங்க?

— முதப் பதினஞ்சு நாளு மருந்து. பதினாறாம் நாள்ல இருந்து டிஸ்டில் வாட்டரு. வெறும் தண்ணி.

— தாயி, ஆறரை பஸ்ஸுக்கே போயிருவோமா? மழை வேற மேக்க கட்டிக்கிட்டு வருது.

— நில்லுங்க சுடலையாண்டி. நில்லுங்க. அண்ணாச்சி, நீங்க என் முன்னாலதான குப்பிய எடுத்தீங்க. ரப்பர் மூடியில ஊசியக் குத்தி உறிஞ்சினத நான் பாத்தேன்.

— காலிக் குப்பியில தண்ணி ரொப்பிக் கொண்டு வருவேன். நேரமாயிட்டு, மருந்துப் பொடிய டிஸ்பென்சரியிலயே கலக்கிட்டு வந்துட்டேன்னு சொல்லுவேன். நீங்க ஒருநாளும் சந்தேகமாக் கேக்கல.

— நான் ஏன் கேக்கணும்? காலையில ஏழு மணிக்கு நனஞ்சுக்கிட்டு வந்து நிக்குத மனுசன்கிட்ட, குப்பியில மருந்து இருக்கான்னு யாராவது கேப்பாங்களா? வித்துட்டீங்களா?

— இல்ல. அந்தப் பாவத்த மட்டும் என் மேல போடாதீங்க.

— வேற எந்தப் பாவத்தப் போட?

— எம் பொண்ணு உலகம்மை. பதினாறு வயசு. உங்களுக்கு வந்த அதே மாசம் அவளுக்கும் வந்துச்சு. உங்களுக்கு உறையில மட்டும்தான் வந்துச்சு. அவளுக்கு நெஞ்சுக்குள்ளயே. ரெண்டு பக்கமும். எக்ஸ்ரேயப் பாத்துட்டு டாக்டரு என் மொகத்தப் பாக்காம ஜன்னலப் பாத்தாரு.

— ம்.

— பெரியாஸ்பத்திரியில பேரு எழுதி வச்சேன். செங்கோட்டைய நம்ம ராஜ்யத்தோட சேத்த பொறவு அந்தப் பக்கத்துக் கூட்டமும் இங்கனதான் வருது. சர்க்கார் மருந்து வருதது கொஞ்சம். ஒரு பக்கத்து நோவுன்னா அந்தப் பக்க நெஞ்சுல காத்த அடிச்சு நுரையீரலச் சுருக்கி வைப்பாங்க, இவளுக்கு ரெண்டு பக்கமும் இருக்கதால அதுவும் முடியாதுன்னுட்டாங்க. மருந்து ஒண்ணுதான் வழி. உங்க முறை வர மூணு மாசம் ஆகும்னாங்க. அவ மூணு வாரம் தாங்குவாளான்னே எனக்குத் தெரியல. தெனமும் அவ ரத்தம் துப்புன சட்டியக் கழுவி வச்சுட்டு, உங்க குப்பியப் பையில போட்டுக்கிட்டு இங்கன வருவேன். பதினஞ்சு நாளு அப்பிடி வந்தேன் டீச்சரம்மா. பதினாறாம் நாளு காலையில அவ என்னைக் கூப்பிட்டு, அப்பா, உம்ம பையில இருக்கது எனக்குக் கொண்டுவந்த மருந்தான்னு கேட்டா.

— நீங்க ஆமான்னுட்டீங்க.

— ஆமான்னுட்டேன்.

— நாப்பத்தஞ்சு குப்பி.

— உங்களுக்கு அன்னைக்கே ஜுரம் எறங்க ஆரம்பிச்சுட்டு. மூச்சு நல்லா வந்துச்சு. ரவைக் கஞ்சிய விட்டுட்டு சோறு கேட்டீங்க. தண்ணி தன்னால வத்தும்னு எனக்குத் தெரியும், எத்தன பேரப் பாத்திருக்கேன். இவங்களுக்கு ஆத்திரம் அவசரம் இல்ல, இவளுக்கு ஒவ்வொரு நாளும் கணக்குன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில இவ முறை வந்ததும் அந்த மருந்த வாங்கி உங்களுக்குப் போட்டுருவோம்னும் நெனச்சேன். அதுக்குள்ள நோட்டுல அறுபது முடிஞ்சுட்டு. எக்ஸ்ரேயும் சுத்தமா வந்துட்டு. டாக்டரு உங்களப் பாத்துச் சிரிச்சாரு. நான் வாயத் தொறக்கல.

— இப்ப எதுக்குத் தொறந்தீங்க?

— பிள்ளைய பக்கத்துல படுக்கப் போடலாமான்னு கேட்டாரே. அதுதான். எம் பிள்ளைக்காக உங்க பிள்ளையவும் சேத்து எடுத்துட்டேனோன்னு ஆயிட்டு.

— உலகம்மை எப்பிடி இருக்கா?

— அவளப் பத்தி எதுக்கு டீச்சரம்மா இப்ப.

— கேட்டேன். சொல்லுங்க.

— எந்திச்சு நடக்குதா. நாப்பத்தஞ்சு முடியும்போது ஆஸ்பத்திரியில முறை வந்துட்டு, இப்ப அங்கன போடுதாங்க. கன்னத்துல சதை வச்சிருக்கு. நேத்து ராத்திரி இன்னொரு தோசை வைங்கம்மான்னு அவ ஆத்தாகிட்ட கேட்டா. என் தட்டுல இருந்ததையும் எடுத்து அவளுக்கு வச்சேன்.

— ரத்தம் துப்புனான்னு சொன்னீங்களே. அது நின்னுச்சா?

— பன்னெண்டாவது ஊசியில கொறஞ்சுச்சு. இருபதோட சுத்தமா நின்னுட்டு. பொறவு ஒரு துளி வரல.

— ரெண்டு பக்கமும் கெட்டுப்போயி, ரத்தமும் துப்புனவளுக்கு.

— ஆமா.

— இருபது ஊசியில.

— ஆமா டீச்சரம்மா. என்னைய அடிங்க, வையுங்க. தளவாய் அண்ணாச்சிக்கு எழுதிப் போடுங்க, அவரு வந்து என்னைய என்ன செஞ்சாலும் சரி. இப்பிடி வகுப்புல கேள்வி கேக்குத மாதிரி கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாலரை மாசமா இருக்கு. அந்தத் தண்ணி ஊசிக்கு நான் கும்பிட்டுக்கிட்டு இடுப்பக் காட்டினேன் அண்ணாச்சி. ஒவ்வொரு நாளும் நீங்க போன பொறவு சுவத்துல கரியால ஒரு கோடு போடுவேன். பாருங்க, இன்னும் இருக்கு. பிள்ளைகிட்டப் போக இன்னும் இத்தன நாளுன்னு எண்ணுவேன். நீங்க வந்து குத்திட்டு, சுகமாயிரும் டீச்சரம்மான்னு சொல்லிட்டுப் போவீங்க. அத எப்பிடி உங்களால சொல்ல முடிஞ்சுச்சு?

— சொல்லும்போதெல்லாம் சாமியக் கும்பிட்டுக்கிட்டுத்தான் சொன்னேன். பலிச்சாலும் பலிக்கும்னு.

— சாமி குப்பியில இல்ல.

— இல்ல.

— சரி. அடுத்தது. இப்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சா என்ன வைத்தியம், எத்தன மாசம்? மறைக்காமச் சொல்லுங்க.

— இன்னைக்கே டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன். வேலை போவும், போகட்டும். புதுசா ஐசோநியாசிட்னு ஒரு மாத்திரை வந்திருக்கு, சின்ன மாத்திரை, குமட்டாது. அதையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் சேத்துப் போட்டா நல்லாக் கேக்குது. ஊசி மூணு மாசம், மாத்திரை ஒரு வருசம், சில பேருக்கு ஒன்றரை வருசம். நடுவுல ஒருநாளும் விடக்கூடாது. முத ஆறு மாசம் பள்ளிக்கூடத்த நெனைக்காண்டாம். மருந்துக்கு நான் பொறுப்பு. எங்க போயி பிச்சை எடுத்தாவது கொண்டு வருவேன். என் கையால போட்டாத்தான உங்களுக்குச் சந்தேகம், வேற ஆள வச்சுப் போடச் சொல்லுவோம்.

— மருந்த முந்திப் பதினஞ்சு நாளு போட்டு நிறுத்தினதால பொறவு கேக்காமப் போகுமா?

— அப்பிடியும் சில பேருக்கு ஆகும்னு டாக்டரு சொல்லுவாரு. ஆனா பதினஞ்சு நாளுதான. ரெண்டு மருந்தும் சேந்து போட்டாக் கேக்கும். கேக்கணும்.

— நெசமாத்தான் சொல்லுதீங்களா, இல்ல இதுவும் சாமியக் கும்பிட்டுக்கிட்டா?

— எம் பொண்ணு மேல சத்தியமா நெசம். நீங்க பயப்படாதீங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. எக்ஸ்ரேயில நெஞ்சு சுத்தமா இருந்துச்சு. நோவு வெளிய உறையில இருந்தா யாருக்கும் ஒட்டாது. உள்ள போயிருந்தாத்தான் பயம். அப்பிடிப் போயிருந்தா சாயங்காலம் காயும், ராத்திரி வேக்கும், இருமினா சளியில ரத்தம் வரும். உங்களுக்குத்தான் அதெல்லாம் இல்லியே.

— இருக்கு.

— என்னது இருக்கு?

— புதன்கிழமை காலையில பல்லு தேய்க்கையில இருமினேன். பல்லுல இருந்து வருதுன்னு நெனச்சேன். மத்தியானமும் வந்துச்சு. நேத்து ஒரு கரண்டி அளவு வந்துச்சு. இன்னைக்கும். அதான் பாயைக் கொளுத்தினேன், பானைய ஒடச்சேன்.

— ஐயோ டீச்சரம்மா. இத வச்சுக்கிட்டா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினீங்க? பிள்ளைகிட்டக் கிளம்பினீங்க?

— பள்ளிக்கூடத்துக்கு யாரு போறா? வேலைய விட்டுருதேன்னு எழுதின கடுதாசி பெட்டிக்குள்ள இருக்கு. பிள்ளையவும் தொட மாட்டேன். தெரு முக்குல தூரமா நின்னு, அவ வாசல்ல விளையாடுததப் பாத்துட்டுத் திரும்பிருவோம்னுதான் கிளம்பினேன். பொறவு எங்க போறதுன்னு நான் யோசிக்கல.

— டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரத்தம் வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா…

— எதுக்குச் சொல்ல? உள்ளதுலயே பெரிய மருந்து, அறுபது ஊசி, ஒருநாளும் விடாமப் போட்டாச்சு. அப்பிடியும் ரத்தம் வருதுன்னா இனி உலகத்துல எனக்கு மருந்து இல்லைன்னுதான நான் மூணு நாளா அழுதது. இப்ப நீங்க வந்து, அந்த மருந்து பதினஞ்சு நாளுக்கு மேல எனக்குள்ள போகவே இல்லைன்னு சொல்லுதீங்க. அப்பம் எனக்கு இன்னும் மருந்து இருக்கு.